போன் மேசைக்குப் புதிதாக வரும் நர்ஸுக்கு: திரையில் இருக்கும் கேள்வியும் நம் காதும்

வார்டில் ஆறு வருடம் நின்றுவிட்டு, போனில் உடல்நல ஆலோசனை சொல்லும் மேசைக்கு மாறியபோது முதல் வாரம் எனக்குக் கை இரண்டையும் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. நாடி பிடித்துப் பார்க்க முடியாது, கண் இமையை விலக்கிப் பார்க்க முடியாது, வயிற்றில் கை வைக்க முடியாது. ஹெட்செட்டில் ஒரு குரல், எதிரே திரையில் வரிசையாகக் கேள்விகள், அவ்வளவுதான். அந்தக் கேள்வி வரிசைக்குத்தான் புரோட்டோகால் என்று பெயர். காய்ச்சலுக்கு ஒன்று, நெஞ்சுவலிக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். ஆம், இல்லை என்று குறித்துக்கொண்டே போனால் கடைசியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு முடிவு வந்து நிற்கும்.

புதிதாக வரும் சிஸ்டர்கள் இதில் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் திரையில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பிப்பார்கள், எதிர்முனையில் பாட்டி அழுதுகொண்டிருந்தாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். வேறு சிலர், கேஷுவாலிட்டியில் பார்க்காததா என்று திரையைத் திரும்பியும் பார்க்காமல் பேசுவார்கள். கோட்டை விடுவது அதிகமும் இரண்டாவது ரகம்தான். கேஷுவாலிட்டியில் அவர்களைக் காப்பாற்றியது கண், இங்கே அந்தக் கண் கிடையாது. வடசென்னையில் இந்த வேலைக்கு வருகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி நிற்பது என்பதை, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். ஆஸ்பத்திரி ஹெல்ப்லைனோ, காப்பீட்டு நிறுவனத்தின் ஆலோசனை எண்ணோ, அரசு சேவையோ, எதில் சேர்ந்தாலும் வேலை ஏறக்குறைய இதேதான்.

முதல் நாள்: நம் எல்லை எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

சேர்ந்த அன்றே மேலாளரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "மருத்துவர் கையெழுத்துப் போட்ட ஸ்டாண்டிங் ஆர்டர் எங்கே இருக்கிறது?" எந்த நிலையில் நர்ஸ் என்ன சொல்லலாம் என்று டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த உத்தரவு அது. நம் நாட்டில் 2020 மார்ச் 25ஆம் தேதி வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி போனில் மருந்து எழுதித் தரும் அதிகாரம் பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும்தான். நர்ஸ், நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவில் நின்று உதவலாம். எனவே நோய்க்குப் பெயர் சூட்டுவது, புது மருந்து சொல்வது, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இந்த மூன்றும் நம் வேலை இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சொல்வதுகூட ஸ்டாண்டிங் ஆர்டரில் எழுதியிருந்தால்தான்.

அப்படியானால் நமக்கு என்னதான் மிச்சம் என்று தோன்றும். நிறையவே இருக்கிறது. எவ்வளவு அவசரம், எங்கே போக வேண்டும், ஆட்டோவில் போகலாமா ஆம்புலன்ஸ் வேண்டுமா, அதுவரை வீட்டில் என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு நாம் திரும்பக் கூப்பிட வேண்டும், எப்போது டாக்டரை லைனில் சேர்க்க வேண்டும், இவை எல்லாமே நர்ஸ் எடுக்கும் முடிவுகள். ஒரு ராத்திரி ஷிப்டில் இந்த மாதிரி எத்தனை முடிவு எடுக்கிறோம் என்று நீங்களே ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

மற்ற நாடுகளில் இதை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதும் நல்லது. சுவீடனில் 1177 என்ற எண்ணுக்கு அழைத்தால் பதிவு பெற்ற நர்ஸ் பேசுவார். கணினியில் வழிகாட்டுதல் இருக்கும், ஆனால் அதை வைத்து முடிவு சொல்பவர் நர்ஸ். பிரிட்டனில் 1998இல் தொடங்கிய என்.எச்.எஸ். டைரக்ட் சேவையும் நர்ஸ்களை நம்பி நடந்ததுதான். அது 2014இல் மூடப்பட்டது. அந்த இடத்துக்கு வந்த 111 எண்ணில் போனை முதலில் எடுப்பவர் பெரும்பாலும் மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஊழியர். அவர் திரையில் வரும் கேள்வியை விட்டு விலகக் கூடாது, சந்தேகம் வந்தால் நர்ஸுக்கோ டாக்டருக்கோ மாற்றிவிட வேண்டும். இரண்டு முறைக்கும் அதனதன் நியாயம் உண்டு. ஆனால் நர்ஸை உட்காரவைத்துவிட்டு அவரையும் அந்த ஊழியரைப் போலவே பேசச் சொன்னால், படிப்புக்குச் சம்பளம் கொடுத்து அந்தப் படிப்பைப் பூட்டி வைத்த கதைதான். உங்கள் மேசை இதில் எந்த வகை என்று முதல் நாளே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்களையும் அன்றே மனப்பாடம் செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது, 104 ஆலோசனை எண் 2013 முதல் இருக்கிறது, மனநல உதவிக்கு 14416. நள்ளிரவில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

முதல் வாரம்: புரோட்டோகாலை நம் பேட்டைத் தமிழில் வாசியுங்கள்

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். புரோட்டோகால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, யாரோ மேசையில் உட்கார்ந்து தமிழாக்கியதாக இருக்கும். "சுயநினைவு இழப்பு உள்ளதா?" என்று திரையில் இருக்கும். வியாசர்பாடியிலிருந்து அழைக்கும் ஒரு அம்மாவிடம் அதை அப்படியே கேட்டால் "இன்னாம்மா கேக்குற?" என்றுதான் பதில் வரும்.

அதைவிட ஆபத்து, அவர்கள் சொல்லும் சொல்லுக்கு நாம் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வது. 'மயக்கம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாலும் மயக்கம், எழுப்பினால் எழுந்திருக்கவில்லை என்றாலும் மயக்கம்தான். என் முதல் வருடத்தில் ஒரு மருமகள் அழைத்து, "மாமியார் மயக்கமா இருக்காங்க, சிஸ்டர்" என்றாள். குரல் நிதானமாக இருந்தது. நான் தலைசுற்றல் புரோட்டோகாலைத் திறந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனேன். காது இரைகிறதா, வாந்தி உண்டா, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா. அவளும் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது கேள்வியோ ஆறாவது கேள்வியோ, "படுக்கையிலிருந்து எழும்போது அதிகமாகிறதா?" என்று கேட்டபோதுதான், "எங்க சிஸ்டர் எழுந்திருக்காங்க, காலையில இருந்து கூப்டுக்கினே இருக்கேன், முனகுறாங்க" என்றாள். சர்க்கரை நோயாளி, ராத்திரி சாப்பிடாமல் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு படுத்தவர். 108 போய்ச் சேர்ந்து, சர்க்கரை ஏற்றி, பிழைத்துக்கொண்டார். ஆனால் நான் வீணாக்கிய அந்த மூன்று நிமிடம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. மருமகள் மேல் ஒரு தப்பும் இல்லை, அவள் முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

இதே மாதிரி 'இழுக்குது'. குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது என்றால் வீசிங். "கை கால் இழுக்குது" என்றால் வலிப்பு. "ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு" என்றால் பக்கவாதம். மூன்றுக்கும் மூன்று புரோட்டோகால், மூன்றுமே அவசரம், ஆனால் செய்யச் சொல்வது வேறு வேறு. 'வாயு பிடிப்பு' என்றால் முதுகுப் பிடிப்பாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். 'ஜன்னி', 'மாந்தம்', 'தொக்கம்', 'குடலேற்றம்' என்றெல்லாம் சொல்வார்கள். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கக் கூடாது, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அவர்கள் கண்ணால் பார்த்த ஏதோ ஒரு அறிகுறி இருக்கும். "தொக்கம்னு எதை வச்சு சொல்றீங்க பாட்டி, குழந்தை என்ன பண்ணுது?" என்று கேட்டால், எது சாப்பிட்டாலும் கக்குகிறது, கண் உள்ளே போயிருக்கிறது, உச்சிக்குழி பள்ளமாக இருக்கிறது என்று உடலில் நீர் வற்றியதற்கான அத்தனை அடையாளத்தையும் பாட்டியே அடுக்கிவிடுவார்.

ஒரு நோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கம் திரையில் இருக்கும் சொல், வலது பக்கம் மக்கள் சொல்வது. காசிமேட்டில் ஒரு மாதிரி சொல்வார்கள், மாதவரத்தில் ஒரு மாதிரி. சௌகார்பேட்டையிலிருந்து அழைப்பவர் இந்தி கலந்து பேசுவார். மணலி கம்பெனிகளில் வேலை பார்க்கும் வடமாநிலப் பையன்களும் அழைப்பார்கள். உடன் வேலை பார்ப்பவர்களில் யாருக்கு இந்தி, தெலுங்கு, உருது வரும் என்று தெரிந்து வைத்துக்கொள்வதும் இதில் சேர்ந்ததுதான்.

அழைப்பின் முதல் நிமிடம்

போனை எடுத்ததும் பெயர் கேட்பதோடு நிறுத்தாமல், எங்கே இருக்கிறார்கள், எந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிடலாம் என்ற இரண்டையும் வாங்கிவிடுங்கள். லைன் அறுந்தால் வேறு வழி இல்லை. விலாசம் கேட்டால் தடுமாறுவார்கள், அடையாளம் கேளுங்கள்: எந்தக் கோயில் பக்கம், எந்த மார்க்கெட் தாண்டி, எத்தனையாவது தெரு. ஹவுசிங் போர்டு என்றால் எந்த பிளாக், எந்த மாடி என்பதும் முக்கியம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நெஞ்சுவலியோடு இருப்பவரை "கீழே இறங்கி ரெடியா நில்லுங்க" என்று சொல்லிவிட்டால், அந்தப் படியே அவரை முடித்துவிடும். தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்று 108க்கு நீங்களே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, உயிருக்கு ஆபத்தான கேள்விகள் எல்லாவற்றுக்கும் முன்னால். கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, பேசுகிறாரா. மூச்சு விடச் சிரமமா. ரத்தம் நிற்காமல் போகிறதா. நெஞ்சு வலியா. வாய் கோணியிருக்கிறதா, கை தூக்க முடிகிறதா. வயசுப் பெண் என்றால் கர்ப்பமா. இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆபத்தான பதில் வந்தால் (கர்ப்பம் மட்டும் என்றால் அல்ல) புரோட்டோகாலின் மீதிப் பக்கத்துக்குப் போகவே வேண்டாம், ஆம்புலன்ஸ். பக்கவாதம் என்றால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் அவகாசம், அங்கே டாக்டர் முதலில் கேட்பது அந்த மணியைத்தான்.

அப்புறம், நோயாளியிடமே போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். மகன் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது எல்லாம் சரி, ஆனால் நோயாளியின் குரலை இருபது விநாடி கேட்டால் கிடைப்பது வேறு எதிலும் கிடைக்காது. நாக்கு குழறுகிறதா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா, கேட்ட கேள்விக்குத்தான் பதில் வருகிறதா. குழந்தை என்றால் போனை அதன் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். வீறிட்டு அழும் குழந்தையைவிட, அழக்கூடத் தெம்பில்லாமல் முனகும் குழந்தைதான் பயம்.

திரை பச்சை என்கிறது, காது இல்லை என்கிறது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு ராத்திரி காசிமேட்டிலிருந்து ஒருவர் அழைத்தார், கடலுக்குப் போகிறவர், ஐம்பது வயது இருக்கும். "வாயு பிடிச்சிக்கிச்சு சிஸ்டர், இஞ்சி தட்டிக் குடிச்சேன், ஏப்பம் வரமாட்டேங்குது." செரிமானப் புரோட்டோகாலைத் திறந்தேன். நெஞ்சில் வலியா? இல்லை, மேல்வயிறுதான். இடது கைக்குப் பரவுகிறதா? இல்லை. இதற்கு முன் இதய நோய்? இல்லை. ராத்திரி என்ன சாப்பிட்டார்? மீன் குழம்பு, கொஞ்சம் அதிகமாக. எல்லாமே 'இல்லை', திரை பச்சையைக் காட்டியது: வீட்டிலேயே இருக்கலாம், காலையில் டாக்டரைப் பாருங்கள்.

ஆனால் அவர் "மீன் குழம்பு... கொஞ்சம்... ஜாஸ்தி" என்று மூன்றாக உடைத்துச் சொன்னார். கடலில் வலை இழுக்கிற மனுஷன், நாலு சொல்லுக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்குகிறார். மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "அவர் நெத்தியில கை வச்சுப் பாருங்கம்மா" என்றேன். "சில்லுனு நனைஞ்சிருக்கு சிஸ்டர், ஃபேன் ஓடுது, ஆனா சட்டையெல்லாம் ஈரம்." திரையில் அந்தக் கேள்வியே கிடையாது. நான் சிவப்புக்கு மாற்றி 108ஐச் சேர்த்துவிட்டேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. இந்த வேலையில் பெரும்பாலான அழைப்புகளின் முடிவு நமக்குத் தெரியவே தெரியாது, அதற்கும் மனசைப் பழக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த முடிவு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் வாயுவோடு வீடு திரும்பியிருந்தாலும் சரியானதுதான்.

இந்த வேலையில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இதுதான். திரை சொல்வதைவிட அவசரமாக மேலே ஏற்றுவது நர்ஸின் உரிமை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. திரை சொல்வதைவிடக் கீழே இறக்க வேண்டும் என்றால் தனியாகச் செய்யக் கூடாது, டாக்டரை லைனில் எடுத்துக் கேட்டு, அவர் சொன்னதை எழுதிவிட்டுத்தான் இறக்க வேண்டும். புரோட்டோகால் என்பது தரை, அதற்குக் கீழே நாம் போகக் கூடாது, மேலே எவ்வளவு வேண்டுமானாலும் எழும்பலாம். உங்கள் மேசையில் இந்த விதி எழுத்தில் இல்லை என்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாய்வார்த்தையாக இருக்கும்வரை பிரச்சினை வரும்போது அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

திரை தவறவிடும் இடங்களில் இன்னும் சில. டெங்கு சீசனில் "காய்ச்சல் விட்டுப்போச்சு, ஆனா ரொம்ப சோர்வா இருக்கான்" என்று ஒரு அப்பா சொல்வார். இப்போது காய்ச்சல் எவ்வளவு என்று திரை கேட்கும், இல்லை என்றால் பச்சை. நீங்கள் எத்தனையாவது நாள் என்று கேளுங்கள். மூன்றிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். அதோடு வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது எது இருந்தாலும் ஆஸ்பத்திரி. அதே போல எலி பேஸ்ட்டைக் குழந்தை வாயில் வைத்துவிட்டது என்று அழைப்பு வந்தால், இப்போது நன்றாக விளையாடுகிறது என்று அவர்கள் சொல்வதை ஏற்காதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் என்றால் முதல் ஓரிரு நாள் ஒன்றும் தெரியாது, அதற்கப்புறம் கல்லீரலைப் பிடிக்கும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே போகச் சொல்லுங்கள்.

போனிலேயே அளக்க முடிந்தவை

கை இல்லை என்று சொன்னேனே, அம்மாவின் கையை நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம். குழந்தையின் மூச்சை எண்ணுவது அப்படித்தான். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பாட்டி, ஏழு மாதப் பேரனுக்குச் சளி, மூச்சு வேகமாக விடுகிறான் என்றார். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு மேலே எழும்பும் ஒவ்வொரு தடவையும் "ம்" என்று சொல்லச் சொன்னேன். நான் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. "ம்... ம்... ம்..." 44 வந்தது. இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40, இந்தக் கணக்கைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே உள்ளே குழிகிறதா, பால் குடிக்கிறானா என்றும் கேட்டேன். குழியவில்லை, குடிக்கிறான். மூன்று மாதத்துக்குக் கீழான குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் மட்டும் எண்ணிக்கொண்டெல்லாம் இருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

பாராசிட்டமால் விஷயத்தில் பாட்டிலைக் கையில் எடுக்கச் சொல்லி, லேபிளில் இருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் ஐந்து மில்லியில் 125 அல்லது 250. எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 100 மில்லிகிராம் என்றால் சொட்டு மருந்தில் அது ஒரே ஒரு மில்லி. "அக்கா குழந்தைக்கு டாக்டர் 5 மில்லி சொன்னாங்க" என்று இதே சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றிவிட்டால் ஐந்து மடங்கு. 'எத்தனை மில்லி' என்று மட்டும் கேட்டு நிறுத்திய நர்ஸுக்கு இது தெரியவே தெரியாது. கேட்டதில் அளவு கூடியிருக்கிறது என்று தெரிந்தால், உடனே டாக்டரை லைனில் சேர்த்துவிடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டிலும் இதே கதை. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்து. "எந்தப் பாத்திரத்துல கரைச்சீங்கம்மா?" என்று கேட்டே ஆக வேண்டும்.

நாய்க்கடிக்கு அழைப்பவர்கள் பலர் அதற்குள் மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ வைத்திருப்பார்கள். திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த தடவை மறைப்பார்கள். குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்லி, அன்றைக்கே ஊசிக்கு அனுப்புங்கள்.

எங்கே அனுப்புவது

"அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லவும்" என்றுதான் திரை சொல்லும். எது அருகில், எது சரி என்பது நமக்குத்தான் தெரியும். மாரடைப்பு, பக்கவாதம், அடிபட்டவர் என்றால் ஸ்டான்லி. பிரசவச் சிக்கல் என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம். குழந்தைகளுக்கு எழும்பூர். தொற்றுநோய்க்குத் தண்டையார்பேட்டை. ஆனால் இதை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. எண்ணூரிலிருந்து வருகிறவருக்கு நடுவில் கண்டெய்னர் லாரி வரிசை இருக்கும், கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட் போட்டிருக்கலாம், மழை நாளில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் சொந்த வண்டியில் போகலாம் என்று திரை சொல்லும் கேஸை, அன்றைய மழையைப் பார்த்து ஆம்புலன்ஸுக்கு ஏற்றுவதும் நர்ஸின் தீர்ப்புதான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததை நினைத்துப் பாருங்கள். கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், மூச்சுத்திணறல், எல்லாம் ஒரே பகுதியில், ஒரே நேரத்தில். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரண அழைப்பு. பக்கத்து மேசையில் என்ன அழைப்பு வருகிறது என்று காது கொடுப்பவருக்குத்தான் அது ஒரே சம்பவம் என்று பிடிபடும். ஒரே ஏரியாவிலிருந்து ஒரே மாதிரி மூன்று அழைப்பு வந்தால் எழுந்து நின்று பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அப்படிச் சொல் என்று எந்தப் புரோட்டோகாலும் உங்களிடம் சொல்லாது.

வைப்பதற்கு முன்னால்

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "சரி சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். "நான் சொன்னதை ஒரு தடவை நீங்க சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். பாதி அழைப்புகளில் எதையாவது திருத்த வேண்டியிருக்கும். எது நடந்தால் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பதை மூன்று விஷயத்துக்கு மேல் போகாமல் சொல்லுங்கள், அதற்கு மேல் ஞாபகம் நிற்காது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன பிறகு, போக முடியுமா என்றும் கேட்க வேண்டும். கையில் காசு இருக்கிறதா, மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், வீட்டுக்காரர் வந்தால்தான் கிளம்ப முடியுமா? "வரட்டும், பாக்கலாம்" என்ற பதில் வந்தால் அவர் போகப் போவதில்லை என்று அர்த்தம். அங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். சில இடங்களில் ஒரு அழைப்பை இத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்து, தாண்டினால் கேள்வி கேட்பார்கள். எனக்கு இதில் கடுமையான கருத்து உண்டு. கடிகாரத்தைப் பார்த்துப் பேசும் நர்ஸ் திரையில் இருப்பதைத்தான் ஒப்பிப்பார், வேறு வழி இல்லை. நேரக் கணக்கு கேட்டால், நீண்ட அழைப்பு எது, ஏன் நீண்டது என்று குறிப்பில் இருப்பதைக் காட்டிப் பேசுங்கள். பயந்து சுருக்காதீர்கள்.

எழுதுவது, புரோட்டோகாலை மாற்றுவது

குறிப்பு எழுதும்போது அழைத்தவரின் சொல்லை அப்படியே மேற்கோளில் போடுங்கள். "மயக்கம்" என்று சொன்னார், கேட்டதில் எழுப்பினால் எழவில்லை என்று தெரிந்தது, இப்படி. எந்தப் புரோட்டோகால், திரை என்ன சொன்னது, நான் என்ன முடிவு எடுத்தேன், ஏன். அந்த 'ஏன்' ஒரு வரி போதும். காசிமேட்டு அழைப்பை அடுத்த மாதத் தணிக்கையில் எடுத்து, பச்சையை ஏன் சிவப்பாக்கினீர்கள் என்று கேட்டார்கள். "வாக்கியத்தை முடிக்க மூச்சு போதவில்லை, குளிர்ந்த வியர்வை, மனைவி தொட்டுப் பார்த்துச் சொன்னது" என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால், எனக்கு அப்படித் தோன்றியது என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன். தோன்றியது என்பதை யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

அதோடு விடாதீர்கள். புரோட்டோகால் சரியாகக் கேட்காத கேள்வியை நீங்கள் கண்டுபிடித்தால் கூட்டத்தில் அதைச் சொல்லுங்கள், தேதியோடும் அழைப்பின் குறிப்போடும். அந்த மாமியார் அழைப்புக்குப் பிறகு நானும் இன்னும் இரண்டு சிஸ்டர்களும் சேர்ந்து, தலைசுற்றல் பக்கத்தின் முதல் கேள்வியாக "கூப்பிட்டா கண்ணைத் திறந்து பதில் சொல்றாங்களா?" என்பதைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். இரண்டு கூட்டம் தள்ளிப்போனது, மூன்றாவதில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். இன்றைக்குப் புதிதாகச் சேரும் பெண் மயக்கம் என்று கேட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது அந்தக் கேள்விதான். அதை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஷிப்ட் முடியும்போது

திரும்பக் கூப்பிட வேண்டியவர்களின் பட்டியலை அடுத்து வருபவரிடம் வாயால் சொல்லி ஒப்படையுங்கள், கணினியில் இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். அன்றைக்கு நான் ஒப்படைத்தது இப்படி: "கொருக்குப்பேட்டை, ஏழு மாதப் பையன், சளி, மூச்சு 44, விலா குழியல, பால் குடிக்கிறான். பாட்டிதான் பேசுவாங்க, காது கொஞ்சம் மந்தம், மெதுவா சொல்லுங்க. பத்து மணிக்குக் கூப்பிட்டுத் திரும்ப எண்ணணும். எண்ணத் தெரியும் அவங்களுக்கு, 'ம்' சொல்லுவாங்க."